விண்ணப்பக் கட்டுரைக்கு எதை எழுதுவது? மொரீஷியஸ் மாணவர்களும் பெற்றோரும் என்னிடம் கேட்ட கேள்விகள்

நான் பிளேன் வில்லெம்ஸ் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவள். வெளிநாட்டுப் பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கும் எனக்கும் ஒரு காலத்தில் சம்பந்தமே இல்லை. சில வருஷங்களுக்கு முன் அப்பர் சிக்ஸ், அதாவது பள்ளிக் கடைசி வருஷ, மாணவி ஒருத்தி, "மிஸ், போன வாரம் கிளாஸில் சொன்னேனே, அந்தக் கதையை இங்கிலீஷில் எழுதினால் அமெரிக்காவில் ஒத்துக்கொள்வார்களா?" என்று கேட்டாள். அன்று ஆரம்பித்தது. இப்போது ஜூன் பிறந்தால் போதும், பிள்ளைகளும் பெற்றோரும் வரிசையாக வருகிறார்கள். திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே எழுதிவைத்திருக்கிறேன்.

ஒரு சொல் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். நம் ஊரில் 'கொலேஜ்' என்றால் உயர்நிலைப் பள்ளி. அமெரிக்கர்கள் 'காலேஜ்' என்பது பல்கலைக்கழகத்தை. இங்கே பேசுவது இரண்டாவதைப் பற்றி.

எல்லாருக்கும் இந்தக் கட்டுரை தேவையா?

இல்லை. ரெதுயில் இருக்கும் மொரீஷியஸ் பல்கலைக்கழகத்துக்குப் போடுகிறீர்கள் என்றால் உங்களுக்காகப் பேசுவது எச்.எஸ்.சி. என்ற பள்ளி இறுதித் தேர்வின் மதிப்பெண்தான். அமெரிக்காவுக்குப் போடுகிறவர்களுக்கு இது கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 'காமன் ஆப்' என்ற பொது விண்ணப்பத்தில் ஒரே ஒரு கட்டுரை எழுதுகிறீர்கள். 250 சொல்லுக்குக் குறையக்கூடாது, 650-ஐத் தாண்டக்கூடாது. நீங்கள் விண்ணப்பிக்கும் கல்லூரிகளுக்கெல்லாம் அதுவே போகும். ஏழு கேள்விகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏழாவது 'உன் விருப்பப்படி எதையும் எழுது' என்பது. கலிபோர்னியா அரசுப் பல்கலைக்கழகங்கள் சில இதில் சேராமல் தனி வழி வைத்திருக்கின்றன: எட்டுக் கேள்வியில் நான்கு, ஒவ்வொன்றுக்கும் 350 சொல்லுக்குள் பதில். பிரிட்டனுக்கு வேறு கணக்கு, கீழே வருகிறது.

கட்டுரையை ஆங்கிலத்தில்தான் எழுதவேண்டும். தமிழில் இந்தப் பக்கம் எதற்கு?

நம் பிள்ளைகள் வீட்டில் கிரியோல் பேசுகிறார்கள், பத்திரிகையைப் பிரெஞ்சில் படிக்கிறார்கள், பரீட்சையை ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். தமிழ் அவர்களுக்கு நாலாவது மொழி. அதில் அவர்கள் கையிருப்பு கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம் பெரிய உதவி என்பதை நான் தாமதமாகத்தான் கண்டுகொண்டேன்.

ஆங்கிலத்தில் ஒரு பையன் 'எனது ரெசிலியன்ஸ் என்னை ஒரு லீடராக வடித்தது' என்று எழுதிவிடுவான். என்ன நடந்தது என்று அதில் ஒன்றும் தெரியாது. அதையே தமிழில் சொல் என்றால் ரெசிலியன்ஸுக்குத் தமிழ் தெரியாமல் தலையைச் சொறிவான். பிறகு, "மிஸ், என்னை டீமிலிருந்து எடுத்துவிட்டார்கள். நான் அடுத்த நாளும் போனேன். தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்தேன்" என்பான். கட்டுரை அந்தப் பாட்டிலில் இருக்கிறது. அதனால் தலைப்பு கிடைக்காமல் வருகிறவர்களை முதலில் பத்து வரி தமிழில் எழுதச் சொல்கிறேன். தமிழ் படிக்காத பிள்ளை என்றால் பாட்டிக்குச் சொல்வதுபோல் கிரியோலில். பெரிய சொல் இல்லாத மொழியில் எழுதும்போது நடந்ததைச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை.

காவடியைப் பற்றி எழுதலாமா?

இந்தக் கேள்வி வராத வருஷம் கிடையாது. எழுதலாம். ஆனால் நான் படித்த காவடிக் கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே கட்டுரை. பத்து நாள் கரேம் (விரதம்), காவடி உடை, நாக்கில் வேல், சுடும் தாரில் வெறும் கால், சிந்தாத பால், கடைசியில் 'மன உறுதியைக் கற்றேன்'. பொய் ஒன்றுமில்லை. உங்களோடு அதே ஊர்வலத்தில் நடந்த உங்கள் பெரியப்பா மகனும் இதை எழுத்துக்கு எழுத்து எழுதலாம் என்பதுதான் சிக்கல்.

இதை நான் பெரியப்பா மகன் சோதனை என்பேன். அதே வீடு, அதே கோயில், அதே பள்ளி. கட்டுரையில் உங்கள் பெயரை அடித்துவிட்டு அவன் பெயரைப் போடுங்கள். பொருந்தினால் தலைப்பு இன்னும் கிடைக்கவில்லை.

சோதனையில் தேறிய ஒரு காவடிக் கட்டுரை நினைவிருக்கிறது. அந்தப் பையன் காவடி எடுப்பதில்லை. நம்பிக்கை இல்லை என்று வீட்டில் சொல்லிவிட்டான். அதற்கு ஒரு சண்டையும் ஆயிற்று. ஆனாலும் வருஷா வருஷம் ஊர்வலத்துக்கு முன்னால் தெருவில் தண்ணீர் ஊற்றுகிற வேலை அவனுடையது. தைப்பூசம் நமக்கு உச்சக் கோடையில் வருகிறது, தார் கொதிக்கும். ஊற்றிய தண்ணீர் எத்தனை நிமிஷத்தில் காய்கிறது, எவ்வளவு முன்னால் போய் ஊற்றினால் அம்மாவின் கால் சுடாது என்று சமையலறைத் தெர்மாமீட்டரை வைத்து அளக்க ஆரம்பித்திருக்கிறான். நம்பாத ஒருவன் எதற்காக இதைச் செய்கிறான் என்ற கேள்விக்கு அவன் விடையே எழுதவில்லை. விண்ணப்பம் போட்டது சிவில் இன்ஜினியரிங்குக்கு. அந்தக் கட்டுரையை வேறு யார் எழுத முடியும்?

முப்பாட்டனார் கப்பலில் வந்த கதை?

இது இன்னும் கஷ்டம், ஏனென்றால் கதை பெரியது. 1834-லிருந்து கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பேர் ஒப்பந்தக் கூலிகளாக இந்தத் தீவுக்கு வந்தார்கள். போர்ட் லூயியில் அவர்கள் ஏறிவந்த படிகள், ஆப்ரவாசி காட், 2006-இலிருந்து உலகப் பாரம்பரியச் சின்னம். அவர்கள் வந்த நினைவாக நவம்பர் 2 விடுமுறை. தமிழர் சிலரின் வருகை அதற்கும் முந்தியது. லா பூர்தொனே கவர்னராக இருந்த 1730-களிலேயே பாண்டிச்சேரியிலிருந்து கொத்தனாரும் தச்சரும் வந்து போர்ட் லூயியைக் கட்டியிருக்கிறார்கள். ஆகவே 'தமிழர் எல்லாரும் கரும்பு வெட்ட வந்தவர்கள்' என்று தொடங்கும் கட்டுரை முதல் வரியிலேயே சறுக்குகிறது.

அதைவிட, கப்பலில் வந்தது நீங்கள் இல்லை. 650 சொல்லில் 500-ஐ முப்பாட்டனாருக்குக் கொடுத்துவிட்டு, கடைசியில் 'அவருடைய தியாகம் என் நரம்பில் ஓடுகிறது' என்றால், படிக்கிறவர் முப்பாட்டனாரைத்தான் சேர்த்துக்கொள்ள ஆசைப்படுவார்.

வழி இருக்கிறது. மோக்காவில் மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்டில் குடியேற்றப் பதிவேடுகள் இருக்கின்றன: பெயர், வயது, தகப்பன் பெயர், ஊர், கப்பல், வந்தவருக்குக் கொடுத்த எண். சிலருக்குப் புகைப்படம்கூட உண்டு. ஒரு மாணவி பாட்டிக்காக அங்கே போனாள். கொள்ளுத்தாத்தா கோயில் பூசாரியாக வந்தார் என்பது பாட்டி ஐம்பது வருஷமாகச் சொல்லும் கதை. பதிவேட்டில் கூலி என்று இருந்தது. காகிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் வீட்டுக்குள் நடமாடியிருக்கிறாள், பாட்டியிடம் சொல்வதா வேண்டாமா என்று. அவள் தலைப்பு அந்த மூன்று வாரம். கப்பலுக்கு இரண்டு வரி போதுமாக இருந்தது.

(சொன்னாளா என்று எல்லாரும் என்னைக் கேட்கிறார்கள். சொன்னாள். பாட்டி, "அவனுங்க தப்பா எழுதிட்டானுங்க" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தாராம்.)

வகாஷியோ எண்ணெய்க் கசிவு?

2020 ஜூலை 25 அன்று புவாந்த் தெஸ்னியில் வகாஷியோ என்ற கப்பல் பவளப்பாறையில் ஏறியது, ஆகஸ்டில் ஆயிரம் டன் அளவுக்கு எண்ணெய் கடலில் கலந்தது, ஊரே திரண்டு கரும்புச் சோகையைத் துணிக்குழாயில் அடைத்து மிதவை கட்டியது. இப்போது விண்ணப்பிக்கிறவர்களுக்கு அன்று பத்து, பன்னிரண்டு வயது. 'நாங்கள் கடலைக் காப்பாற்றினோம்' என்று நீங்கள் எழுதினால், 'நீ என்ன செய்தாய்?' என்று கேட்கத் தோன்றும். சோகை அடைத்தீர்கள் என்றால் அன்று கை எப்படி நாறியது என்பதிலிருந்து தொடங்குங்கள். டி.வி.யில் பார்த்ததோடு சரி என்றால் விட்டுவிடுங்கள். 1960-இன் கரோல் புயலுக்கும் இதே பதில்: அது தாத்தாவின் கதை.

எனக்கு ஒரு கஷ்டமும் வந்ததில்லை, மிஸ். என்ன எழுதுவேன்?

நல்லதாகப் போயிற்று. கஷ்டம் கேட்கிறார்கள் என்பது லெசோன் (டியூஷன்) வகுப்புகளில் கிளம்பிய வதந்தி. காமன் ஆப் கேள்விகளில் ஒன்று தடைகளைப் பற்றியது, மற்றவை அப்படியல்ல. நன்றியைப் பற்றி ஒன்று, நேரம் போவதே தெரியாமல் ஈர்க்கும் விஷயத்தைப் பற்றி ஒன்று, ஒரு நம்பிக்கையை நீங்கள் கேள்வி கேட்ட சமயத்தைப் பற்றி ஒன்று. தாத்தா சாவைக் கட்டுரைக்காகப் பெரிதுபடுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். தாத்தாவுக்கு அது மரியாதை இல்லை.

பிறகு எங்கேதான் தேடுவது?

யாரும் சொல்லாமல் நீங்களாகச் செய்கிற காரியம் ஏதாவது இருக்கும். பரீட்சைக்கு உதவாது, சான்றிதழ் கிடைக்காது, அம்மா "இதில் காட்டுகிற அக்கறையைக் கெமிஸ்ட்ரியில் காட்டு" என்று திட்டுவார். அங்கே போய்ப் பாருங்கள். அல்லது சொந்தக்காரர்கள் உங்களைக் கேலி செய்யும் விஷயம்: 'இவன் பஸ்ஸில் ஏறினால் டிக்கெட்டைக் கிழிக்கமாட்டான்', 'இவள் கல்யாண வீட்டில் ஏழு கறியையும் தனித்தனியாகத்தான் சாப்பிடுவாள்'. கேலிக்குள் உங்களுடைய ஏதோ ஒன்று இருக்கிறது, கூட இருப்பவர்கள் உங்களுக்கு முன்பே அதைப் பார்த்துவிட்டார்கள். அல்லது நீங்கள் ஒரு விஷயத்தில் மனம் மாறிய நாள். மாறாமல் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தாலும் சரி.

முன்னுரையில் சொன்ன மாணவியின் கதை இதுதான். நம் கோயில்களில் பிள்ளைகள் பலர் தமிழ்ப் பாட்டைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதிவைத்த நோட்டைப் பார்த்துத்தான் பாடுகிறார்கள். அந்த எழுத்தில் ழ-வும் கிடையாது, ள-வும் கிடையாது. எல்லாம் ஒரே ல. அவளும் ஐந்து வயதிலிருந்து அப்படித்தான். முருகனைப் பார்த்து 'பலம் நீ' என்று பாடிக்கொண்டிருந்தாள். நீதான் என் பலம் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு, பரீட்சைக்கு முன், பல் பிடுங்கப் போகும் முன், அந்த இரண்டு சொல்லை முணுமுணுப்பாள். தமிழ் எழுத்துப் படிக்க வந்த பிறகு ஒருநாள் பழனிக் கதையைப் பாடமாக நடத்தினேன். ஞானப்பழம் கிடைக்காமல் கோபித்து மலையேறிய பிள்ளையிடம் 'பழம் நீ' என்று சொன்னார்கள், அதுதான் பழனி ஆயிற்று என்றேன். அவள் எழுந்து நின்றுவிட்டாள். ஒன்பது வருஷமாக அவள் வேண்டிக்கொண்டது பலத்தை. பாட்டில் இருந்தது பழம்.

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் அம்மா, சித்தி, எல்லாரும் 'பலம்'. திருத்தலாமா? திருத்தினால் அம்மா இத்தனை வருஷம் வேண்டியது என்னவாகும்? தப்பாகப் பாடியபோதும் அந்தச் சொல் அவளுக்குத் தைரியம் கொடுத்ததே, அது எங்கிருந்து வந்தது? கட்டுரை முழுக்க இந்தக் கேள்விகள்தான். முடிவில் கோயிலில் 'பழம்' என்றும், தேர்வு அறை வாசலில் 'பலம்' என்றும் சொல்வதாக எழுதியிருந்தாள். மொழியியல் படிக்கப் போனாள். அந்தக் கட்டுரையால்தான் இடம் கிடைத்தது என்று நான் சொல்லமாட்டேன். மதிப்பெண்ணும் நன்றாக இருந்தது. ஆனால் படிக்கிறவருக்கு அவளோடு அரை மணி நேரம் பேசவேண்டும் என்று தோன்றியிருக்கும்.

அவளுடைய சித்தி மகளும் அதே நோட்டைப் பார்த்துத்தான் பாடினாள். எழுந்து நின்றவள் இவள்.

ஜெனரல் பேப்பரில் எப்போதும் நல்ல மார்க். என் கட்டுரை மட்டும் ஏன் சப்பென்று இருக்கிறது?

ஜெனரல் பேப்பர் என்ற ஆங்கிலக் கட்டுரைத் தாளை எழுதிப் பழகியதால்தான். அங்கே முன்னுரை, சாதகம், பாதகம், நடுநிலையான முடிவு. இங்கே நடுநிலை யாருக்கும் வேண்டாம். 'தொன்றுதொட்டு மனிதகுலம்' வகை முதல் பத்தியை அடித்துவிடுங்கள். பெரும்பாலும் இரண்டாவது பத்தியில்தான் நீங்கள் ஆரம்பிக்கிறீர்கள். பொன்மொழியும் வேண்டாம். திருக்குறளாக இருந்தாலும் வேண்டாம். தமிழ் மிஸ்ஸே சொல்கிறேன்.

பிரிஃபெக்ட் பதவி, டிபேட் கோப்பை, சமூக சேவை இதையெல்லாம் எங்கே சொல்வது?

விண்ணப்பத்தில் செயல்பாடுகளுக்கென்று தனிப் பகுதி உண்டு, பத்து வரை போடலாம். கட்டுரையில் மறுபடி அடுக்காதீர்கள்.

வீட்டு விஷயத்தை எழுதலாமா? அப்பாவின் குடி, அம்மாவின் நோய், என்னுடைய மனச்சோர்வு...

அவசரப்படாமல் பதில் சொல்லவேண்டிய கேள்வி. இது சின்னத் தீவு. ரோஸ் ஹில்லில் தும்மினால் கேத்ர் போர்னில் கேட்கும். கட்டுரை பாஸ்டனுக்குத்தான் போகிறது என்றாலும், போகும் வழியில் ஆசிரியர், உறவினர் என்று நாலு பேர் திருத்துகிறார்கள். அது அப்பாவின் கதையும்கூட என்பதால், முடிந்தால் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்கவே முடியாத வீடு என்றால், உங்களுக்கு நம்பிக்கையான ஒரு பெரியவரிடமாவது முதலில் காட்டுங்கள்.

எழுத உட்கார்ந்தால் கை நடுங்குகிறது, அழுகை வருகிறது என்றால் இந்த வருஷம் அதை எழுதவேண்டாம். உங்கள் காயத்தைக் காட்டினால்தான் இடம் என்று யாரும் கேட்கவில்லை. வீட்டு நிலைமையால் மதிப்பெண் சரிந்தது, பள்ளிக்கு வரமுடியவில்லை என்பதைத் தெரிவிக்கக் காமன் ஆப்பில் தனி இடம் இருக்கிறது. அங்கே நாலு வரியில், அலங்காரமில்லாமல், எப்போது என்ன நடந்தது என்று போடலாம். கட்டுரை அப்போது உங்களுக்கே மிச்சப்படும். அப்பா குடித்த வருஷங்களில் வீட்டுக் கணக்கை நோட்டில் எழுதிச் சமாளித்த ஒரு பையன், குடியை அந்தத் தனி இடத்தில் சொல்லிவிட்டு, கட்டுரையில் அந்த நோட்டைப் பற்றி மட்டும் எழுதினான். நல்ல முடிவு என்று எனக்கு இன்றும் படுகிறது.

தமிழ், கிரியோல் சொற்களைப் போடலாமா?

போடலாம், வாக்கியமே அர்த்தத்தைச் சொல்லும்படி. 'அம்மா விடியற்காலை காத்தோ பிமான் பொரித்து முடித்த எண்ணெயில்...' என்றால் அது பொரிக்கிற பண்டம் என்று எவருக்கும் புரியும். சொல்லுக்குச் சொல் விளக்கம் கொடுத்தால் சுற்றுலாக் கையேடு ஆகிவிடும். ஐந்துக்கு மேல் வேண்டாம் என்பது என் கணக்கு, சட்டமில்லை.

இதையே பிரிட்டனுக்கும் அனுப்பலாமா?

கூடாது. பிரிட்டனின் பொது விண்ணப்ப அமைப்பான யூகாஸ் கேட்பது உங்கள் படிப்பைப் பற்றி. 2026 சேர்க்கையிலிருந்து பழைய ஒரே நீளக் கட்டுரைக்குப் பதில் மூன்று கேள்விகள்: இந்தப் பாடம் ஏன், பள்ளிப் படிப்பு உங்களை எப்படித் தயார் செய்தது, பள்ளிக்கு வெளியே என்ன செய்தீர்கள். மூன்றும் சேர்ந்து இடைவெளி உட்பட 4,000 எழுத்து. ஒவ்வொன்றும் 350-க்குக் குறையக்கூடாது. தெர்மாமீட்டர் பையனின் கதை அங்கே மூன்று வரியாகச் சுருங்கும்: தார், வெப்பம், அதிலிருந்து அவன் தேடிப் படித்தது. அம்மாவோடு போட்ட சண்டைக்கு அங்கே இடமில்லை.

லெசோன் சாரோ ஏ.ஐ.யோ எழுதிக்கொடுத்தால் என்ன தப்பு?

ஏ.ஐ. எழுதிய கட்டுரையை உங்களுடையது என்று அனுப்புவதைக் காமன் ஆப் மோசடிக் கணக்கில் வைத்திருக்கிறது. யூகாஸ் பழைய கட்டுரைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருள் வைத்திருக்கிறது. சார் எழுதிக்கொடுத்ததோ, பதினேழு வயதுப் பிள்ளைக்கு ஐம்பது வயதுக் குரல். அவர் கேள்வி கேட்கட்டும், புரியாத இடத்தில் கோடு போடட்டும். பேனா உங்கள் கையில் இருக்கட்டும்.

ஒரு அம்மா கேட்டது: "என் மகள் எங்கள் டால் பூரி வண்டியைப் பற்றி எழுதுகிறாளாம். லோரேயா ஆகவேண்டிய பிள்ளை, மானம் போகாதா?"

அம்மா, லோரேயாக்களுக்குக் கிடைக்கும் அரசு உதவித்தொகைக்கு அவள் எச்.எஸ்.சி. மார்க்கைப் பார்க்கட்டும், இங்கே வண்டியை எழுதட்டும். ஒன்று மட்டும் அவளிடம் கேளுங்கள்: வண்டியில் உழைத்த உங்களைப் பற்றி எழுதுகிறாளா, தன்னைப் பற்றி எழுதுகிறாளா? உங்கள் உழைப்பு என்றால் தம்பியும் அதையே எழுதுவான். சில்லறை எண்ணிக்கொண்டே வரிசையில் நிற்கிறவர்கள் எத்தனை ஜோடி வாங்குவார்கள் என்று முன்கூட்டியே ஊகிக்கிற பழக்கம் அவளுக்கு இருப்பதாகச் சொன்னீர்களே, அதைப் பற்றி என்றால் விட்டுவிடுங்கள், எழுதட்டும்.

எப்போது ஆரம்பிக்கலாம்?

காமன் ஆப் ஆகஸ்ட் 1-ல் திறக்கும். முன்கூட்டிய விண்ணப்பம் பல இடங்களில் நவம்பர் 1, வழக்கமானது ஜனவரி முதல் வாரத்தை ஒட்டி. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், மருத்துவம் என்றால் யூகாஸுக்கு அக்டோபர் 15. நம் எச்.எஸ்.சி. எழுத்துத் தேர்வும் தீபாவளியும் இந்தத் தேதிகளின் தலைமேலேயே வந்து உட்காரும். ஆகவே குளிர்கால விடுமுறையில் அந்தப் பத்து வரியை எழுதிவிடுங்கள், ஆகஸ்டில் முழு வரைவு, பிறகு இரண்டு வாரம் அதைத் தொடாமல் விடுங்கள். செப்டம்பரில் கொண்டுவந்தால் தலைப்பையே மாற்றச் சொல்லக்கூட எனக்கு அவகாசம் இருக்கும். அக்டோபரில் கொண்டுவருகிறவர்களுக்குக் கமா மட்டும்தான் திருத்துவேன்.